நெல்லியடியில் எழுதிய பத்தாம் அதிகாரம்

காங்கேசன்துறை இறங்குதுறையில் கால் வைத்தபோது தரை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வரும் வழியில் கடல் என்னை மூன்று முறை குனிய வைத்திருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த வவுனியாப் பெண் பாதி எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்து, "மணந்துகொண்டு இருங்கோ அக்கா, கடலைப் பாக்காதேங்கோ" என்று சொல்லியிராவிட்டால் நான்காவது முறையும் குனிந்திருப்பேன்.

சுங்கப் பரிசோதனையில் என் பையைத் திறந்தார்கள். மூன்று சேலை, மாத்திரை டப்பா, ஒரு பொட்டலம் அல்வா. மீதி முழுவதும் தாள். ஓர் அதிகாரி மேல் தாளில் இருந்த தலைப்பை வாசித்து அடுத்தவரிடம் சொல்ல, அவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். வவுனியாப் பெண் எனக்கு மொழிபெயர்த்தார்: "கடவுளைப் பற்றி எழுத இவ்வளவு தாள் போதுமோ எண்டு கேக்கிறார்."

"போதலை, ஒரு அதிகாரம் குறையுது, அதை வாங்கத்தான் வந்திருக்கேன்னு சொல்லுங்கம்மா" என்றேன். அதிகாரி சிரிக்கவில்லை. பையை மூடி மரியாதையாக என் பக்கம் தள்ளினார்.

நான் சொன்னது உண்மை. மதுரையில் ஒரு சிறிய கிறிஸ்தவப் பதிப்பகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். கிராமத்துச் சபைகளில் ஊழியம் செய்கிற உபதேசியார்களுக்காகக் கடவுளின் தன்மைகளைப் பற்றி ஒரு பாடநூல் தயாராகிக்கொண்டிருந்தது. எழுதியவர் யாழ்ப்பாணத்துப் போதகர் தர்மராஜா. கடவுள் தாமாய் இருப்பவர், மாறாதவர், எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர் என்று தொடங்கி அன்பு வரைக்கும் ஒன்பது அதிகாரங்கள் ஒழுங்காக வந்துவிட்டன. பத்தாவது, கடவுள் துன்பப்படுவாரா என்கிற கேள்வி. அது வரவில்லை. கடிதத்துக்குப் பதில் இல்லை. தொலைபேசியை அவர் மனைவி எடுத்து, "அவர் தோட்டத்திலை" என்று மட்டும் சொன்னார்.

பதிப்பகத்தின் குழுவில் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். மாத முடிவுக்குள் பத்தாவது அதிகாரம் வராவிட்டால், மிஷன் காலத்துப் பாடம் ஒன்றைச் சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிடுவது. அந்தப் பாடம் இரண்டே பக்கம். கடவுள் உணர்ச்சிகளுக்கு அப்பாற்பட்டவர், அவருக்கு நோவும் இல்லை துக்கமும் இல்லை என்று சொல்லி முடிந்துவிடும். அந்த இரண்டு பக்கம் என் கையால் அச்சுக்குப் போகக் கூடாது என்று தீர்மானித்துத்தான் கப்பல் ஏறினேன்.

ஏன் அவ்வளவு பிடிவாதம் என்றால், என் கணவர் மூன்று வருடம் டயாலிசிஸில் இருந்து போனவர். அந்தக் காலத்தில் ஒரு நாள் மத்தியானம், ஆஸ்பத்திரி நடைவழிப் பெஞ்சில் நான் அழுதுகொண்டிருந்தபோது, கடவுளே பக்கத்தில் உட்கார்ந்து அழுவதாக எனக்குத் தோன்றியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச நாள்களைக் கடந்தேன். தர்மராஜா ஐயாவும் அந்தக் கருத்துக்காரர்தான். துன்பப்படாத கடவுள் நம்முடைய கடவுள் இல்லை என்று பத்தாம் அதிகாரத்தில் எழுதப்போவதாக முதலில் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

இறங்குதுறையில் பிடித்த ஆட்டோ, பழைய சீமெந்துத் தொழிற்சாலையைத் தாண்டியதும் பஞ்சராகி நின்றது. மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை. ஓட்டுநர் அண்ணை கொஞ்சமும் பதறாமல் அதைக் கழற்றி உருட்டிக்கொண்டு போனார். நான் ஒரு வேப்ப மரத்தடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் இந்நேரம் நாலு பேர் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே சைக்கிளில் போன ஒருவர் மட்டும் இறங்கி, "தண்ணி வேணுமோ?" என்று கேட்டு, போத்தலைக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பேசாமல் நின்று வாங்கிக்கொண்டு போனார்.

போதகர் தங்கியிருந்த சண்டிலிப்பாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சிவப்பு மண், வெங்காயப் பாத்தி, புகையிலை, நடுநடுவே இறைப்பு இயந்திரத்தின் சத்தம். போதகரின் மனைவி ரூபி என்னைக் கண்டதும் திகைத்துப் போனார். "வருவன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே அக்கா" என்றார்.

"சொல்லியிருந்தா ஐயா வேற எங்கயாவது போயிருப்பார்ல."

ரூபி மறுக்கவில்லை. புட்டும், பொரித்துக் குழம்பு வைத்த கத்தரிக்காயும், தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்ட சொதியும் கொண்டுவந்து வைத்தார். கடல் காலி செய்திருந்த வயிறு இரண்டாம் தடவையும் கேட்டது. "கோவாச் சுண்டலும் இருக்கு, போடட்டோ?" என்று ரூபி கேட்டபோது, புட்டுக்கு எதற்குப் பால்கோவா என்று விழித்தேன். வந்தது முட்டைக்கோஸ். இங்கே அதற்குக் கோவா என்று பெயராம்.

போதகர் மாலையில் மண் ஒட்டிய கால்களோடு வந்தார். அறுபதை ஒட்டிய, உயரமான மனிதர். என்னைப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் கால் கழுவினார்.

"நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கக் கூடாது அம்மா" என்றார். "நான் அதை எழுதேலாது."

"ஏன்னு தெரிஞ்சுக்காம போகமாட்டேன் ஐயா."

"அப்ப கனநாள் நிக்க வேண்டி வரும்."

"துணி கொண்டாந்திருக்கேன்."

மறுநாள் செவ்வாய். விடிந்ததும் நான் ஒன்பது அதிகாரங்களையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வரம்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கோவாக் கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ஒரு பாத்தி முடிந்து அடுத்த பாத்திக்கு வாய்க்காலைத் திறக்கும்போதெல்லாம், ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்தேன். ஐந்தாவது பாத்தியில் மண்வெட்டியைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

அவர் ஊழியம் செய்த சபை நெல்லியடிப் பக்கம். அங்கே கௌரி என்கிற கணித ஆசிரியை இருக்கிறார். சைவக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவரைக் கலியாணம் செய்து, பிறகு தாமே விரும்பி ஞானஸ்நானம் பெற்றவர். கணவருக்குத் திருகோணமலையில் வேலை. ஒரே மகள். பதினேழு வயது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. டெங்குக் காய்ச்சல் வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஏழாம் நாள் இல்லை.

"செத்த வீட்டிலை நான் பிரசங்கம் செய்தனான்" என்றார் போதகர். "கடவுளும் உங்களோடை சேர்ந்து அழுகிறார் எண்டு சொன்னன். சண்டைக் காலத்திலையிருந்து நான் எத்தினை வீட்டிலை அதைச் சொல்லியிருக்கிறன் தெரியுமோ? சனம் அதைக் கேட்டுத்தான் மூச்சு விட்டது. ஆனால் கௌரி ரீச்சர் எழும்பினா. சத்தம் போடேல்லை. 'அழுகிறதுக்கு எனக்கு ஊர் முழுக்க ஆக்கள் இருக்கினம், ஐயா. அவரும் அழுதுகொண்டிருந்தால் என்ரை பிள்ளையை ஆர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?' எண்டு கேட்டா. கேட்டிட்டுத் தன்ரை இடத்திலை திரும்ப இருந்திட்டா."

"அதுக்கப்புறம் கோயிலுக்கு வர்றதில்லையா?"

"வராமல் விட்டிருந்தால் பறவாயில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்து முன்வாங்கிலை இருக்கிறா. எனக்கு அந்த வாங்கைப் பாத்துக்கொண்டு பிரசங்கிக்க ஏலாமல் போச்சு. லீவு எடுத்துக்கொண்டு இஞ்சை வந்திட்டன். பத்தாம் அதிகாரம் எழுதி முடிச்சுத்தான் இருந்தது அம்மா. கிழிச்சுப்போட்டன்."

வாங்கு என்றால் பெஞ்சு. எனக்கு அது புரியச் சற்று நேரமானது. கிழித்துவிட்டார் என்பது புரிய இன்னும் நேரமானது.

"அப்ப அழாத கடவுள்னு எழுதிருவீங்களா? அந்த ரெண்டு பக்கப் பாடம் மாதிரி?"

"அதையும் எழுதேலாது. எனக்கு அந்தக் கல்லும் வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் பாதி, நான் பார்த்திராத அந்த ஆசிரியைமேல் பாதி. என் பெஞ்சில் உட்கார்ந்து அழுதவரை யாரோ எழுப்பி வெளியே அனுப்பியது போல இருந்தது. "நாளைக்கு நான் நெல்லியடி போறேன்" என்றேன்.

"அவவிட்டைப் போய் என்னத்தைக் கேக்கப் போறியள்?"

"தெரியலை. ஆனா போறேன்."

புதன் காலை ரூபி இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்தார். சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சைக்கிள் ஒன்று வேகமாக வந்து நின்றது. சலவைச் சட்டை போட்ட போதகர். சைக்கிளைப் பக்கத்துக் கடையில் பூட்டி வைத்துவிட்டு வந்து, "பஸ் மாறி ஏறத் தெரியாது உங்களுக்கு" என்றார். வேறு காரணம் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் மாறி ஏறிய பஸ் வல்லை வெளியில் புகைந்து நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வெட்டவெளி. தூரத்தில் உப்புத் தண்ணீர் மினுங்கியது. காற்று சேலையை ஆளோடு தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு பெண்ணின் குடை மலர்ந்து திரும்பிக்கொண்டது. நடத்துநர் இயந்திரத்துக்குள் தலையை விட்டபடி, "எல்லாரும் இறங்கி நில்லுங்கோ, ஆறட்டும்" என்றார். பக்கத்தில் நின்ற பீட்ரூட் மூட்டைக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு, "காத்து இண்டைக்குக் குறைவு" என்றார்.

அந்தக் காற்றில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. என் கணவரைப் பற்றியும் அந்தப் பெஞ்சைப் பற்றியும் போதகரிடம் அங்கேதான் சொன்னேன். "நீங்க கிழிச்ச அதிகாரம் எனக்காக எழுதின மாதிரி. அதை ஒருத்தங்க வேண்டாம்னதுக்காக எடுத்துருவீங்களா?"

"அம்மா, நீங்கள் வேணும் எண்டுறியள். அவ வேண்டாம் எண்டுறா. ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை. கடவுள் ஆளுக்கு ஏற்ற மாதிரி மாறுவாரோ? மாறமாட்டார் எண்டு ரெண்டாம் அதிகாரத்திலை நானே எழுதியிருக்கிறன். இதிலைதான் நான் இறுகிப்போய் நிக்கிறன்."

நடத்துநர் கூப்பிட, எல்லாரும் ஏறினோம். பஸ் கிளம்பிவிட்டது.

நெல்லியடியில் கௌரி ரீச்சர் ஒரு ரியூட்டரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். தனி வகுப்பு நடத்துகிற இடம். எங்கள் டீச்சர் இங்கே ரீச்சர் ஆவதுபோல டியூட்டரி ரியூட்டரி ஆகியிருக்கிறது. கிடுகு வேய்ந்த நீண்ட கொட்டகை, நாற்பது பிள்ளைகள், கரும்பலகை. கௌரி ரீச்சர் பாடத்தை நிறுத்தவில்லை. எங்களைப் பார்த்தார், சுண்ணாம்புக்கட்டி பிடித்த கையால் கடைசி வாங்கைக் காட்டினார். போதகரும் நானும் போய் உட்கார்ந்தோம். ஒன்றேகால் மணி நேரம் சமன்பாடுகளைக் கேட்டோம். ஒரு மாணவி விடையைச் சொன்னபோது, "விடை சரி. நடுவிலை ஒரு படியைக் காணேல்லை. அது இல்லாமல் உன்னட்டை இருக்கிறது விடை இல்லை, ஊகம்" என்றார்.

வகுப்பு முடிந்ததும் எங்களிடம் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நேரான பார்வை. போதகர் எழுந்து நின்றார்.

"சுகமோ ஐயா? தோட்டம் எப்பிடி?" என்று கேட்டார். கேலி இல்லை.

நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லி ஒன்பது அதிகாரங்களையும் நீட்டினேன். நீட்டியது ஏன் என்று எனக்கே தெரியாது. அவர் எடையைக் கையால் பார்த்தார். "இண்டைக்கு வாசிக்கிறன். நாளைக்கு நான் சொல்லுறன். ஐயா கோயில் வீட்டிலை தங்கட்டும், ரூபி அக்கா பூட்டிக்கொண்டு போகேக்கை திறப்பை எங்களிட்டைத்தான் தந்தவ. நீங்கள் என்னோடை வாங்கோ, அக்கா."

அவர் வீட்டுச் சாப்பாடு மதுரைக்காரிக்குக் கண்ணீரை வரவழைக்கிற உறைப்பு. நாங்கள் காரம் என்பதை இங்கே உறைப்பு என்கிறார்கள். சொல்லே நாக்கில் உறைக்கிறது. மீன் குழம்பைச் சாப்பிட்டபடி நான் மூக்கை உறிஞ்சினேன். அவர் எழுந்து போய்த் தயிர் கொண்டுவந்து வைத்தார். மகளைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே பெயரைச் சொன்னார், எந்தப் பாடத்தில் கெட்டிக்காரி, எதில் சோம்பேறி என்று சொன்னார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களோடு உட்கார்ந்தார். நான் படுக்கப் போகும்போது மூன்றாம் அதிகாரத்தில் இருந்தார்.

வியாழன் காலை பார்த்தால் தாள்களில் சிவப்பு மை. இருபத்தாறு வருடத்தில் நான் திருத்திய பக்கங்களை வேறொருவர் திருத்திப் பார்த்ததில்லை. எழுத்துப் பிழைகள் நாலு என் கண்ணுக்குத் தப்பியிருந்தன. அதைவிடப் பெரியவை ஓரக் குறிப்புகள்.

போதகர் வந்ததும் ரியூட்டரியிலேயே உட்கார்ந்தோம். காலை வகுப்புக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"ரெண்டாம் அதிகாரத்திலை கடவுள் மாறாதவர் எண்டுறியள்" என்று கௌரி ரீச்சர் தொடங்கினார். "எட்டாம் அதிகாரத்திலை, எங்கடை கண்ணீரைக் கண்டு மனம் இளகிறார் எண்டுறியள். ஒரு படியை விட்டிட்டியள் ஐயா. எங்களைக் கண்ட பிறகு இளகினவரோ, இளகின மனத்தோடையே எப்பவும் இருக்கிறவரோ? ரெண்டும் ஒண்டில்லை."

போதகர் சிவப்புக் குறிப்பைக் குனிந்து பார்த்தார். "ரெண்டாவதுதான்" என்றார் மெதுவாக.

"அப்ப அப்பிடியே எழுதுங்கோ."

போதகர் அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார். "ரீச்சர், அண்டைக்கு நான் சொன்னது பிழையோ?"

"பிழை எண்டு நான் சொல்லேல்லை. எனக்கு அது உதவேல்லை." மேசையிலிருந்த சுண்ணாம்புத் துண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "ஆஸ்பத்திரியிலை ஆறு நாள் நான் அழேல்லை, ஐயா. ஒரு துளி இல்லை. தாதிமார் என்னைக் கல்லு மனிசி எண்டு நினைச்சிருப்பினம். நான் அழுதால் பிள்ளை பயந்திடும். கண் முழிச்சுப் பாக்கேக்கை அம்மாவின்ரை முகம் ஒரே மாதிரி இருக்க வேணும். அவ்வளவுதான். எனக்கு நோகாமலோ இருந்தது? உள்ளுக்கை எரிஞ்சது. ஆனால் அந்த எரிவு என்னை விழுத்த நான் விடேல்லை. ஒரு தாய்க்கு ஏலுமெண்டால் கடவுளுக்கு ஏலாதோ?"

போதகர் கைகளைக் கோத்தபடி இருந்தார். "அப்ப சிலுவை?"

"அதைத்தான் சொல்லுறன். சிலுவையிலை தொங்கேக்கை, பக்கத்திலை தொங்கின கள்ளனோடை கதைச்சவரெல்லோ. தாயை ஆர் பாக்கிறது எண்டு ஒழுங்கு செய்தவரெல்லோ. நோவிலை மூழ்கிப்போன ஆள் அப்பிடிச் செய்யுமோ? நொந்தது. ஆனால் அந்த நோவு அவரை ஆளேல்லை." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நான் சைவமாய்ப் பிறந்தனான். சிவன் நஞ்சைக் குடிச்ச கதை எங்கடை வீட்டிலை சொல்லுவினம். துப்பவும் இல்லை, சாகவும் இல்லை. தொண்டையிலை பிடிச்சு நிப்பாட்டினவர். சின்னனிலை கேட்டது. எனக்கு இது விளங்கினது அந்த வழியாலை."

"உந்தக் கதையை நான் உபதேசியார்மாருக்கு எழுதேலாது, ரீச்சர்."

"எழுதச் சொல்லேல்லையே. எப்பிடி விளங்கினது எண்டு சொன்னனான்."

பேசாமல் ஊருக்குத் திரும்பினால் என்னை நானே மன்னிக்கமாட்டேன் என்று தோன்றியது. என் பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். வல்லை வெளியில் கத்திச் சொன்னதைவிட இங்கே சொல்வது கஷ்டமாக இருந்தது. "நீங்க சொல்றது சரின்னா, என் பக்கத்துல உட்கார்ந்து அழுதது யாரு?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "உங்களுக்கு நடந்ததை நான் அழிக்கேல்லை, அக்கா. அழிக்கவும் மாட்டன். ஒண்டு மட்டும் கேக்கிறன். அவர் அழுத சத்தம் உங்களுக்குக் கேட்டதோ?"

யோசித்தேன். பொய் சொல்ல முடியாத இடத்தில் இருந்தேன். அந்த மத்தியானம், பினாயில் வாசனை, கம்பி சன்னலில் வெயில், என் அழுகைச் சத்தம். பக்கத்தில் ஒருவர் இருந்தார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அவர் எழுந்து போகவில்லை. அது மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும்.

"இல்லை. அழுதது நான்தான். அவர் போகலை" என்றேன்.

"அது காணும்" என்றார் கௌரி ரீச்சர்.

காணும் என்றால் போதும். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு முழுவதும் போதவில்லை என்பதையும் எழுத வேண்டும். பெஞ்சில் இருந்தவர் கண்ணிலும் ஈரம் இருந்திருக்கும் என்கிற எண்ணம் என்னைவிட்டு முழுவதும் போகவில்லை. அதை அவரிடமும் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார், வகுப்புக்குத் தாமதமாகிறது என்கிற தொனியில்.

பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். போதகர் கடைசி வாங்குக்குப் போனார். என்னிடம் வெற்றுத் தாள் கேட்டார், கொடுத்தேன். முன்னால் இருபடிச் சமன்பாடு நடந்துகொண்டிருந்தது. பின்னால் அறுபது வயது மனிதர் முதுகை வளைத்து எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "அவர் தன்ரை வேலையைச் செய்யிறார், நீங்கள் உங்கடை வேலையைச் செய்யுங்கோ" என்றார் ரீச்சர். நான் வெளியே போய் மூன்று பேருக்கும் ரோல்ஸும் வெறும் தேநீரும் வாங்கி வந்தேன். போதகரின் தேநீர் ஆறிப் போனது. எடுத்துக்கொண்டு போய் வேறு வாங்கி வந்தேன். அதுவும் ஆறியது.

பிற்பகல் மூன்று மணிக்குப் பதினொரு பக்கம் முடிந்திருந்தது. கடவுள் துன்பத்தை அறியாதவர் அல்ல, துன்பத்தால் வெல்லப்படாதவர் என்று தொடங்கியது. வெளியிலிருந்து எதுவும் அவரைத் தள்ளி விழுத்த முடியாது, அதனால்தான் அவர் தாமாக நம்மிடம் இறங்கிவர முடிகிறது என்று தொடர்ந்தது. துக்க வீட்டுக்குப் போகும் உபதேசியாருக்கு ஒரு பக்கம் தனியாக இருந்தது: அழுகிறவர்களிடம் கடவுளைப் பற்றி எதையும் சொல்லும் முன்னே, அவர்களுக்கு எது வேண்டும் என்று பொறுத்திருந்து பார். ஒரு பொழுது எதுவும் சொல்லாமல் பக்கத்தில் இரு. இருபத்தாறு வருடத்தில் என் கைக்கு வந்த எந்தப் பிரதியிலும் இவ்வளவு குறைவாக என் பேனா வேலை செய்ததில்லை.

கௌரி ரீச்சர் நின்றபடியே வாசித்தார். சிவப்புப் பேனா கையில் இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தை வெட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் "இதிலை படி சரி" என்று ஓரத்தில் எழுதினார். முடித்ததும் தாள்களை மேசையில் தட்டி நேராக்கினார்.

"ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாறியளோ, ஐயா?"

"முன்வாங்கிலைதான் இருப்பியளோ?"

"வேறை எங்கை இருக்கிறது. கண் தெரிய வேணுமே."

"வாறன்" என்றார் போதகர். சண்டிலிப்பாயில் கால் கழுவிக்கொண்டு நின்ற மனிதரின் குரல் அல்ல அது. "லீவு முடிஞ்சுது எண்டு எழுதிக் குடுக்கிறன்."

பிறகு அவர் எழுந்து நின்று, இந்த அதிகாரத்தின் தலைப்பில் பிள்ளையின் பெயரைப் போட்டு, அவள் நினைவாக என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார். அதை எழுதிய தாளை ஏற்கெனவே கையில் வைத்திருந்தார். என்னிடமும் காட்டினார். நல்ல வரி. நான் ஒரு எழுத்தும் மாற்றியிருக்கமாட்டேன்.

கௌரி ரீச்சர் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். முகம் மாறவில்லை.

"வேண்டாம் ஐயா" என்றார். "பேரை எழுதி வைக்கிறது மறந்துபோற ஆக்களுக்காக. அவர் எல்லாம் அறிஞ்சவர், ஒண்டையும் மறக்கமாட்டார் எண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறியள். அந்த அதிகாரத்திலை நான் ஒரு இடத்திலையும் சிவப்புப் போடேல்லை. பாத்தனீங்களோ?"

தாளை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கரும்பலகையைத் துடைக்கப் போனார்.

சனிக்கிழமைக் கப்பல் காற்றினால் ஒரு நாள் தள்ளிப்போய், ஞாயிறு காலை புறப்பட்டது. நெல்லியடியில் ஆராதனை தொடங்கியிருக்கும் நேரத்தில் நான் நடுக்கடலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதுரையில் குழுவினரோடு இரண்டு மணி நேரம் வாதாடினேன். அந்த இரண்டு பக்கப் பாடம் அச்சேறவில்லை. புத்தகம் பத்து அதிகாரங்களோடு வெளிவந்து உபதேசியார்களின் கையில் இருக்கிறது. பத்தாம் அதிகாரத்தின் மேலே ஒரு பெயரும் இல்லை. அந்தப் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியும். அவள் தாய் சொல்லக் கேட்டேன். இங்கேயும் நான் அதை எழுதவில்லை.